ஒரு மாஸ்டர், நாற்பது சிஸ்டம்: விண்டோஸ் 11 இமேஜ் தயாரித்து லேப் முழுக்க ஏற்றும் வழி

விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு நிறுத்திவிட்டது. கல்லூரி லேப், பயிற்சி மையம், சின்ன அலுவலகம் என்று எங்கே பார்த்தாலும் விண்டோஸ் 11 ஏற்றும் வேலைதான் ஓடுகிறது. நாலைந்து சிஸ்டம் என்றால் பென்டிரைவைச் செருகி ஒவ்வொன்றாகப் போட்டு முடித்துவிடலாம். நாற்பது என்றால் அது நடக்கிற காரியமில்லை. விண்டோஸ், அப்டேட், ஆஃபீஸ், கம்பைலர், பிரின்டர் டிரைவர், தமிழ் கீபோர்டு என்று ஒரு சிஸ்டத்துக்கே அரை நாள் போய்விடும். இத்தனையும் கையால் செய்து முடித்த பிறகு பார்த்தால் இரண்டு சிஸ்டம்கூட ஒரே மாதிரி இருக்காது. ஒன்றில் பைத்தான் பழைய பதிப்பு, இன்னொன்றில் பிரின்டர் விட்டுப்போயிருக்கும்.

ஒரு சிஸ்டத்தை (இதுதான் மாஸ்டர்) சரியாகத் தயார் செய்து, அதன் டிஸ்க்கை அப்படியே இமேஜாக எடுத்து, மற்றவற்றில் ஏற்றுவதுதான் இதற்கு வழி. நம்மூரில் இதை இன்னமும் 'கோஸ்ட் போடுவது' என்பார்கள். கோஸ்ட் 1990களின் நடுவில் நியூசிலாந்தில் எழுதப்பட்டு, 1998-இல் சிமான்டெக் கைக்குப் போன மென்பொருள். இங்கே நாம் பயன்படுத்தப்போவது குளோன்சில்லா. தைவானின் தேசிய உயர்செயல்திறன் கணினி மையத்தில் உருவானது, இலவசம், கட்டற்ற மென்பொருள். டிஸ்க்கில் உண்மையில் தகவல் இருக்கும் பகுதிகளை மட்டுமே அது நகலெடுக்கும். அதனால் 240 ஜிபி டிஸ்க்கில் 40 ஜிபிதான் நிரம்பியிருக்கிறது என்றால், சுருக்கியபின் இமேஜ் பெரும்பாலும் 25 ஜிபிக்குள் அடங்கிவிடும்.

நகலெடுப்பதும் ஏற்றுவதும் இதில் சுலபமான பகுதி. மாஸ்டரைத் தயார் செய்வதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது. அதனால் இந்தக் கட்டுரையும் அங்கேதான் அதிக நேரம் நிற்கும்.

தொடங்கும் முன் மூன்று விஷயம்

முதலில் லைசென்ஸ். சிஸ்டத்தோடு தயாரிப்பாளரே போட்டு அனுப்பிய ஓஇஎம் விண்டோஸை இமேஜ் எடுத்து மற்ற சிஸ்டங்களில் ஏற்ற அந்த லைசென்ஸ் அனுமதிப்பதில்லை. நிறுவனத்தின் பெயரில் வால்யூம் லைசென்ஸ் (நிறுவனங்களுக்கான மொத்த உரிமம்) ஒன்றாவது இருந்தால், அதில் கிடைக்கும் ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பைக் கொண்டு, அதே பதிப்புக்கு ஓஇஎம் லைசென்ஸ் உள்ள சிஸ்டங்களில் இமேஜ் ஏற்றலாம். 'அதே பதிப்பு' என்பதைக் கவனியுங்கள். ஹோம் பதிப்போடு வந்த சிஸ்டத்தில் ப்ரோ இமேஜை ஏற்றினால் ஆக்டிவேட் ஆகாது.

இரண்டாவது, டிஸ்க்கின் அளவு. குளோன்சில்லா சின்ன டிஸ்க்கின் இமேஜைப் பெரிய டிஸ்க்கில் ஏற்றும்; பெரியதைச் சின்னதில் ஏற்ற ஒப்பாது. 256 ஜிபி எஸ்எஸ்டியில் எடுத்த இமேஜ் 240 ஜிபி எஸ்எஸ்டியில் ஏறாமல் நிற்பது லேப்களில் அடிக்கடி நடப்பது. லேப்பில் இருப்பதிலேயே சின்ன டிஸ்க் எது என்று பார்த்து, மாஸ்டரின் டிஸ்க் அதைவிடச் சின்னதாக இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் அடிப்படை மென்பொருள். எல்லா சிஸ்டமும் யுஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் பூட் ஆக வேண்டும். இன்டெல் சிஸ்டங்களில் ஸ்டோரேஜ் அமைப்பு 'ரெய்டு' அல்லது 'விஎம்டி' என்று இருந்தால் என்விஎம்இ வகை எஸ்எஸ்டி குளோன்சில்லாவின் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். ஏஎச்சிஐ முறைக்கு மாற்றிவிடுங்கள். பயாஸைத் திறந்த கையோடு நெட்வொர்க் பூட்டையும் (லேன் வழியே பூட் ஆவது) இயக்கிவிட்டால் பிறகு மறுபடி நாற்பது சிஸ்டத்தைச் சுற்றி வர வேண்டாம்.

மாஸ்டரை மெய்நிகர் கணினியில் உருவாக்குங்கள்

லேப்பில் இருக்கும் ஒரு சிஸ்டத்தையே மாஸ்டராக எடுத்துக்கொள்வதுதான் பலரின் வழக்கம். வேலை நடக்கும். ஆனால் அடுத்த செமஸ்டரில் ஒரு மென்பொருளைச் சேர்க்க வேண்டும் என்றால் திண்டாட வேண்டியிருக்கும். ஒரு கணினிக்குள் மென்பொருளாலேயே இன்னொரு கணினியை (மெய்நிகர் கணினி) உருவாக்கித் தரும் ஹைப்பர்-வி, வர்ச்சுவல்பாக்ஸ் போன்ற ஒன்றில் மாஸ்டரை வைத்துக்கொண்டால் எந்த நிலைக்கும் ஸ்னாப்ஷாட் (அந்த நிலையின் பதிவு) வழியே திரும்பிப் போகலாம். இன்னொரு லாபம், எந்தக் குறிப்பிட்ட வன்பொருளின் டிரைவரும் மாஸ்டரில் ஒட்டிக்கொள்ளாது.

ஹைப்பர்-வியில் இரண்டாம் தலைமுறை மெஷினைத் தேர்ந்தெடுங்கள். வர்ச்சுவல்பாக்ஸ் என்றால் 7 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு தேவை. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் என்ற பாதுகாப்பு சிப் வசதி அதில்தான் வந்தது. டிஸ்க்குக்கு 80 ஜிபி கொடுங்கள். வர்ச்சுவல்பாக்ஸின் கெஸ்ட் அடிஷன்ஸ் (மெய்நிகர் மெஷினுக்கான துணை டிரைவர்கள்) போன்றவற்றை நிறுவ வேண்டாம். நிறுவினால் அவையும் நாற்பது சிஸ்டத்துக்கும் போய்ச் சேரும்.

விண்டோஸை நிறுவி, நாட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் திரை வந்ததும் எதையும் அழுத்தாமல் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். மெஷின் ரீஸ்டார்ட் ஆகி 'ஆடிட்' முறையில் நேராக டெஸ்க்டாப்புக்கு வந்துவிடும். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் கேட்காது, புதிய யூசரும் உருவாகாது. உள்ளமைந்த அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் வேலை செய்வீர்கள். ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் சிஸ்பிரெப் (அந்த சிஸ்டத்துக்கே உரிய அடையாளங்களை நீக்கி விண்டோஸை இமேஜுக்குத் தயாராக்கும் கருவி) என்ற சின்ன ஜன்னல் தலைகாட்டும். அதை மூடிவிட்டு வேலையைத் தொடருங்கள்.

ஆடிட் முறையில் இருக்கும்போது மைக்ரோசாஃப்ட் ஸ்டோரைத் திறக்காதீர்கள். முடிந்தவரை நெட்டையும் துண்டித்தே வையுங்கள். விண்டோஸ் அப்டேட்டுக்கு மட்டும் இணைத்து, முடிந்ததும் பிடுங்கிவிடுங்கள். காரணம் சிஸ்பிரெப் பகுதியில் வருகிறது.

பிறகு மென்பொருள்கள். எல்லா யூசருக்கும் நிறுவும் வாய்ப்பு இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். விஎஸ் கோடு உட்படச் சில மென்பொருள்களுக்குத் தற்போதைய யூசருக்கு மட்டுமான நிறுவி ஒன்றும், சிஸ்டம் முழுமைக்குமான நிறுவி ஒன்றும் தனித்தனியாகக் கிடைக்கும். முதல் வகையைப் போட்டால் மாணவர் உள்ளே வரும்போது அந்த மென்பொருளே இருக்காது.

மாஸ்டரில் இருக்கக் கூடாதவை வேறு. பிரவுசரில் லாகின், சேமித்த பாஸ்வேர்டு, வைஃபை பாஸ்வேர்டு, உங்கள் மெயில் எதுவும் கூடாது. எனிடெஸ்க் மாதிரி ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் தனி எண் உருவாக்கிக்கொள்ளும் மென்பொருள்களையும், நிர்வாக சர்வரோடு பேசும் ஆன்டிவைரஸ் ஏஜென்டுகளையும் மாஸ்டரில் போடாதீர்கள். போட்டால் நாற்பது சிஸ்டமும் ஒரே அடையாள எண்ணோடு எழுந்து நிற்கும். சர்வர் பட்டியலில் ஒரே ஒரு சிஸ்டம்தான் தெரியும். இமேஜ் ஏறியபின் தனியாக நிறுவுவதே சரி.

டிரைவர்களுக்கு ஒரு நல்ல வழி உண்டு. லேப்பில் ஒவ்வொரு மாடலிலும் ஒரு சிஸ்டத்தை எடுத்து, அதில் எல்லா டிரைவரும் சரியாக இருப்பதை உறுதிசெய்து, பிஎன்பியூட்டில் என்ற விண்டோஸ் கருவியின் எக்ஸ்போர்ட் கட்டளையால் அவற்றை ஒரு ஃபோல்டருக்கு எடுங்கள். மாஸ்டரில் அதே கருவியின் ஆட்-டிரைவர் கட்டளையால் அந்த ஃபோல்டரைச் சேர்த்துவிட்டால், டிரைவர் கிடங்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். உரிய வன்பொருளைப் பார்க்கும்போது விண்டோஸ் தானாக எடுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் சேர்க்க நேரமில்லையா, லேன் டிரைவரை மட்டுமாவது சேருங்கள். அது இருந்தால் மற்றதை நெட்டில் இறக்கிக்கொள்ளலாம்.

இன்னும் ஒன்று, பார்ட்டிஷன். விண்டோஸ் 11 நிறுவும்போது சி டிரைவுக்குப் பின்னால் ஒரு ரெக்கவரி பார்ட்டிஷனை வைக்கும். 80 ஜிபி இமேஜை 240 ஜிபி டிஸ்க்கில் ஏற்றியபின் சி-ஐ விரிக்கப்போனால் இது குறுக்கே நிற்கும். லேப் சிஸ்டத்துக்கு இமேஜே ரெக்கவரி என்பதால் இந்தப் பார்ட்டிஷன் வேண்டாம் என்பது என் கருத்து. ரீஏஜென்ட்சி கட்டளையால் ரெக்கவரியை முடக்கிவிட்டு, டிஸ்க்பார்ட்டில் அந்தப் பார்ட்டிஷனை நீக்கி, சி-ஐக் கடைசிப் பார்ட்டிஷனாக ஆக்குங்கள். ஆளுக்கொரு லேப்டாப் கொடுக்கும் அலுவலகம் என்றால் நான் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

பதில் கோப்பு

அன்அட்டெண்ட் எக்ஸ்எம்எல் என்ற கோப்பு ஒன்றைத் தயார் செய்து வைத்தால் முதல் முறை பூட் ஆகும்போது வரும் கேள்விகளுக்கெல்லாம் அதுவே பதில் சொல்லிவிடும். மைக்ரோசாஃப்டின் ஏடிகே தொகுப்பில் உள்ள சிஸ்டம் இமேஜ் மேனேஜரில் இதை உருவாக்கலாம். மொழி, நேர மண்டலம், லோக்கல் யூசர் ஆகியவற்றோடு இரண்டு அமைப்புகளை மறக்காமல் சேருங்கள். காப்பிப்ரொஃபைல் என்பது நீங்கள் ஆடிட் முறையில் செய்த டெஸ்க்டாப் அமைப்புகளைப் புதிய யூசர்களுக்கும் கொண்டுபோகும். எக்ஸ்டெண்ட்-ஓஎஸ்-பார்ட்டிஷன் என்பது சி டிரைவை டிஸ்க்கின் மீதி இடம் முழுக்க விரிக்கும். சி கடைசியில் இருக்க வேண்டும் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

இந்தக் கோப்பில் எழுதும் பாஸ்வேர்டை எளிதில் படித்துவிடலாம். மறைத்து எழுதும் வாய்ப்பைத் தேர்ந்தெடுத்தாலும் அது பூட்டு ஆகாது. ஒரு தற்காலிக பாஸ்வேர்டை வைத்து, ஏற்றி முடித்ததும் மாற்றிவிடுங்கள்.

முதல் பூட்டில் ஒரு ஸ்கிரிப்ட் ஓட வேண்டும் என்றால் பலரும் செட்டப்கம்ப்ளீட் கோப்பைத்தான் வைப்பார்கள். ஓஇஎம் கீ உள்ள சிஸ்டங்களில் விண்டோஸ் அதை ஓட்டாது, எர்ரரும் காட்டாது. பதில் கோப்பிலேயே முதல் லாகின் கட்டளைகளாக எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

சிஸ்பிரெப்: தவிர்க்கக் கூடாத படி

ஒவ்வொரு விண்டோஸுக்கும் எஸ்ஐடி என்ற அடையாள எண் உண்டு. இமேஜை அப்படியே நகலெடுத்தால் எல்லா சிஸ்டத்துக்கும் ஒரே எஸ்ஐடி வரும். இதனால் ஒன்றும் கெட்டுவிடாது என்று மைக்ரோசாஃப்டின் மார்க் ருசினோவிச் 2009-இல் எழுதினார். எண்ணை மாற்றுவதற்காகத் தான் எழுதியிருந்த நியூஎஸ்ஐடி என்ற கருவியையும் அப்போதே விலக்கிக்கொண்டார். சிஸ்பிரெப் செய்யாத இமேஜுக்கு ஆதரவில்லை என்ற மைக்ரோசாஃப்டின் நிலைப்பாடு அதனால் மாறிவிடவில்லை. ஆனால் அந்தக் கட்டுரையை மட்டும் பிடித்துக்கொண்டு, சிஸ்பிரெப்பே வேண்டாம் என்று பல வருடம் ஓட்டியவர்கள் ஏராளம்.

2025 ஆகஸ்ட் இறுதியிலிருந்து வந்த அப்டேட்களோடு அந்தக் காலம் முடிந்தது. விண்டோஸ் 11-இன் 24எச்2, 25எச்2 பதிப்புகளும் விண்டோஸ் சர்வர் 2025-உம் இப்போது எஸ்ஐடியைச் சரிபார்க்கின்றன. இரண்டு சிஸ்டத்துக்கும் ஒரே எஸ்ஐடி இருந்தால் ஒன்றிலிருந்து மற்றதன் ஷேர் ஃபோல்டரைத் திறக்க முடியாது, ரிமோட் டெஸ்க்டாப்பிலும் நுழைய முடியாது. சரியான பாஸ்வேர்டைப் போட்டாலும் தவறு என்றே சொல்லும். இமேஜை மறுபடி முறையாகத் தயாரித்து ஏற்றுவதுதான் நிரந்தரத் தீர்வு.

ஆக, பழைய எஸ்ஐடியை நீக்கி ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் புதிது வரச் செய்யும் சிஸ்பிரெப்பை ஓட்டியே ஆக வேண்டும். அதற்கு முன் மெஷினை அணைத்துவிட்டு ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். இதை மட்டும் விடவே விடாதீர்கள். பிறகு ஆடிட் முறையில் தலைகாட்டும் அந்தச் சின்ன ஜன்னலில் மேலே உள்ள பட்டியலில் அவுட்-ஆஃப்-பாக்ஸ் என்று வரும் வரியைத் தேர்ந்தெடுத்து, 'ஜெனரலைஸ்' கட்டத்தில் டிக் போட்டு, கீழே 'ஷட்டவுன்' என்று வைத்து ஓகே கொடுங்கள். பதில் கோப்பைச் சேர்க்க வேண்டுமானால் இந்த ஜன்னலில் அதற்கு இடம் இல்லை; இதையே கமாண்ட் பிராம்ப்ட்டிலிருந்து, கோப்பின் பாதையையும் கொடுத்து ஓட்ட வேண்டும். முடிந்ததும் மெஷின் தானாக அணையும். அதன்பின் அதைப் பூட் செய்யாதீர்கள். செய்தால் முதல் பூட் அங்கேயே நடந்து, செய்த வேலை வீணாகிவிடும்.

விண்டோஸ் நிறுவலைச் சரிபார்க்க முடியவில்லை என்று சிஸ்பிரெப் பாதியில் நின்றால் பதறாமல் சிஸ்டம்32-க்குள் சிஸ்பிரெப் ஃபோல்டர், அதற்குள் பாந்தர் ஃபோல்டர், அதிலிருக்கும் செட்டப்ஆக்ட் லாக் கோப்பைத் திறந்து கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஏதோ ஒரு ஸ்டோர் ஆப் ஒரு யூசருக்கு மட்டும் நிறுவப்பட்டிருக்கிறது, எல்லாருக்கும் இல்லை என்று அதன் பெயரோடு எழுதியிருக்கும். ஸ்டோர் தானாக ஆப்களை அப்டேட் செய்வதால் வருவது இது. நெட்டைத் துண்டிக்கச் சொன்னது இதற்காகவே. பவர்ஷெல்லில் அந்த ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இரண்டாவது காரணம், டிஸ்க்கைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் இயங்கிக்கொண்டிருப்பது. அதை முழுதாக அணைத்து, டிஸ்க்கின் குறியாக்கம் முழுதாக நீங்கும்வரை காத்திருந்து ஓட்டுங்கள்.

இமேஜ் எடுப்பது

மெய்நிகர் மெஷினில் குளோன்சில்லா ஐஎஸ்ஓவை மாட்டி அதிலிருந்து பூட் செய்யுங்கள். மெனுவில் டிவைஸ்-இமேஜ் என்பதைத் தேர்ந்தெடுத்து, இமேஜை எங்கே வைப்பது என்று காட்டுங்கள்: வெளி ஹார்ட் டிஸ்க்கும் ஆகலாம், நெட்வொர்க்கில் உள்ள ஷேர் ஃபோல்டரும் ஆகலாம். பிறகு பிகினர் முறை, சேவ்டிஸ்க், ஒரு பெயர். பெயரில் தேதியும் விண்டோஸ் பதிப்பும் இருக்கட்டும். எடுத்த இமேஜைச் சரிபார்க்கவா என்று கேட்கும். கூடுதலாகச் சில நிமிடம் ஆகும். ஆகட்டும், சரிபார்க்கச் சொல்லுங்கள்.

விண்டோஸை சும்மா ஷட்டவுன் செய்துவிட்டு இமேஜ் எடுக்கப்போனால், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணமாக டிஸ்க் பாதி உறங்கிய நிலையில் இருப்பதாகச் சொல்லி குளோன்சில்லா மறுக்கும். சிஸ்பிரெப்பே அணைத்த மெஷினில் இந்தச் சிக்கல் பொதுவாக வராது.

முதலில் ஒரே ஒரு சிஸ்டம்

குளோன்சில்லா பென்டிரைவால் ஒரு சிஸ்டத்தைப் பூட் செய்து ரெஸ்டோர்டிஸ்க் கொடுங்கள். எழுதப்போகும் டிஸ்க் எது என்பதை அளவையும் பெயரையும் படித்துப் பார்த்தபின்பே சம்மதியுங்கள். இரண்டு டிஸ்க் உள்ள சிஸ்டத்தில் தவறானதைத் தேர்ந்தெடுத்தால் அதிலிருந்தவை போனது போனதுதான்.

பூட் ஆனதும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி ஏதும் உண்டா, ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா, சி டிரைவ் முழுதாக விரிந்திருக்கிறதா, சாதாரண யூசராக நுழைந்தால் எல்லா மென்பொருளும் திறக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் இன்னொரு மாடலிலும் ஏற்றி, சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பின் பிஎஸ்கெட்எஸ்ஐடி கருவியால் இரண்டின் எஸ்ஐடியும் வேறு வேறுதானா என்று பார்த்துவிடுங்கள்.

நாற்பதிலும் ஒரே நேரத்தில்

25 ஜிபி இமேஜை நாற்பது சிஸ்டத்துக்கும் தனித்தனியாக அனுப்பினால் மொத்தம் 1,000 ஜிபி. கிகாபிட் லேனில் நொடிக்குச் சுமார் 110 எம்பி போகும் என்று வைத்தால் இரண்டரை மணி நேரம். மல்டிகாஸ்ட் முறையில் ஒரே முறை அனுப்பினால் நாற்பதும் சேர்ந்து வாங்கிக்கொள்ளும். கணக்குப்படி நாலு நிமிடம்; டிஸ்க்கில் எழுதும் வேகம் எல்லாம் சேர்த்துப் பத்து இருபது நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குத் தனி சர்வர் வேண்டாம். ஒரு லேப்டாப்பை குளோன்சில்லாவில் பூட் செய்து லைட்-சர்வர் என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். டிஎச்சிபி (சிஸ்டங்களுக்கு ஐபி முகவரி வழங்கும் சேவை) பற்றிக் கேட்கும்போது நிதானம் தேவை. கல்லூரி நெட்வொர்க்கில் ஏற்கனவே ஒரு டிஎச்சிபி ஓடும்போது நீங்களும் இன்னொன்றைத் தொடங்கினால் அலுவலகத்தில் நெட் போய்விடும், பழி உங்கள்மேல் விழும். லேப் ஸ்விட்ச்சிலிருந்து வெளியே போகும் கேபிளைக் கழற்றி, லேப்பைத் தனித்தீவாக்கிக்கொண்டு குளோன்சில்லாவின் டிஎச்சிபியையே ஓட்டுவது எனக்குப் பிடித்த வழி. ஸ்விட்ச்சில் மல்டிகாஸ்ட் மற்ற நெட்வொர்க்கை அடைக்கும் பிரச்சினையும் அத்தோடு தீர்ந்தது.

அடுத்து வரும் மெனுவில் மொத்தமாக ஏற்றுவது, இமேஜிலிருந்து, ரெஸ்டோர்டிஸ்க், மல்டிகாஸ்ட் என்று தேர்ந்தெடுத்தபின், எத்தனை சிஸ்டம் வரும்வரை காத்திருப்பது என்று கேட்கும். எண்ணிக்கையோடு நேர வரம்பும் சேர்ந்த வாய்ப்பை எடுங்கள். வெறும் எண்ணிக்கை கொடுத்து ஒரு சிஸ்டம் பூட் ஆகாமல் போனால் மற்ற முப்பத்தொன்பதும் அதற்காகக் காத்துக்கிடக்கும். பிறகு ஒவ்வொரு சிஸ்டத்தையும் நெட்வொர்க் பூட் செய்து கொண்டுவாருங்கள். அடம்பிடிக்கும் சிஸ்டத்தில் செக்யூர் பூட்டை அணைத்துப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் குளோன்சில்லா பென்டிரைவைச் செருகி லைட்-கிளையன்ட் என்று கொடுத்தாலும் அதே வரிசையில் வந்து சேர்ந்துகொள்ளும்.

மல்டிகாஸ்ட்டில் எல்லாரும் மிக மெதுவான ஆளின் வேகத்தில்தான் போக முடியும். ஒரே ஒரு லேன் கேபிளில் உள்கம்பி அறுந்து அந்த போர்ட் 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருந்தாலும், நாலு நிமிடக் கணக்கு முப்பத்தெட்டு நிமிடமாகிவிடும், அதுவும் நாற்பது சிஸ்டத்துக்கும். தொடங்கும் முன் ஸ்விட்ச்சின் முன்பக்க விளக்குகளை ஒரு பார்வை பாருங்கள். பெரும்பாலான ஸ்விட்ச்சுகளில் கிகாபிட்டுக்கு ஒரு நிறம், 100-க்கு வேறு நிறம். நிறம் மாறி எரியும் போர்ட்டின் கேபிளை மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். ஸ்விட்ச்சே சரியில்லை என்றால் இதே மெனுவில் பிட்டோரன்ட் முறையும் இருக்கிறது. சிஸ்டங்கள் தங்களுக்குள்ளேயே துண்டுகளைப் பரிமாறிக்கொள்ளும். சில லேப்களில் மல்டிகாஸ்ட்டைவிட அதுவே ஒழுங்காக ஓடும். வைஃபையில் எதையும் முயல வேண்டாம்.

ஏறி முடிந்ததும் பெயர் மாற்றுவது, டொமைனில் சேர்ப்பது, ஆன்டிவைரஸ் ஏஜென்ட் போடுவது எல்லாம் இந்தக் கட்டத்தில்தான். பெயரைச் சிஸ்டத்தின் சீரியல் எண்ணிலிருந்து எடுக்கும் சின்ன பவர்ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்றை முதல் லாகின் கட்டளையில் வைத்தால் கைவேலை மிச்சம்.

லினக்ஸ் லேப் என்றால்

வேலை இதில் பாதிதான், ஆனால் இங்கேயும் அடையாளம் ஒட்டிக்கொள்ளும். ஈடிசி ஃபோல்டரில் உள்ள மெஷின்-ஐடி கோப்பை இமேஜ் எடுக்கும் முன் காலி செய்யுங்கள். கோப்பை அழிக்க வேண்டாம், உள்ளடக்கத்தை மட்டும் நீக்கினால் போதும். அடுத்த பூட்டில் புதிதாக உருவாகும். செய்யாவிட்டால் சில அமைப்புகளில் டிஎச்சிபி சர்வர் இரண்டு சிஸ்டத்தையும் ஒன்றென்று நினைத்து ஒரே ஐபி முகவரியைக் கொடுத்துவிடும். எஸ்எஸ்எச் ஹோஸ்ட் கீகளையும் (ரிமோட்டாக நுழைபவர்களுக்கு சிஸ்டத்தை அடையாளம் காட்டுபவை) நீக்கி, ஏற்றியபின் புதிதாக உருவாக்கச் செய்யுங்கள்.

அடுத்த செமஸ்டர்

புதிய மென்பொருள் சேர்க்க வேண்டியிருக்கும்போது ஏற்றிய சிஸ்டம் ஒன்றிலிருந்து மறுபடி இமேஜ் எடுக்காதீர்கள். மெய்நிகர் மெஷினில் சிஸ்பிரெப்புக்கு முந்தைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பி, அப்டேட்களையும் மென்பொருளையும் அங்கே போட்டு, அணைத்து, இன்னொரு ஸ்னாப்ஷாட் எடுத்து, அதன்பின் சிஸ்பிரெப். இப்படிச் செய்தால் மாணவர்கள் விட்டுச்சென்ற குப்பை எதுவும் இமேஜுக்குள் வராது. என்னென்ன மாற்றினீர்கள் என்று தேதியோடு இமேஜ் ஃபோல்டருக்குள்ளேயே ஒரு சின்னக் கோப்பில் எழுதிவையுங்கள். புதிய இமேஜ் லேப்பில் ஒரு மாதமாவது ஓடும்வரை பழையதை அழிக்க வேண்டாம். செய்முறைத் தேர்வுக்கு முந்தைய நாள் ஏதாவது ஒத்துவரவில்லை என்றால் இருபது நிமிடத்தில் பழையதற்குத் திரும்பிவிடலாம்.